கடைக்கால் தோண்டும்போது அடுத்தவர் குழாய் வந்தால்: வேலூர்ப் பக்கம் மனை வாங்குகிறவர்களுக்கு

போன வருஷம் தை மாதம், லத்தேரிப் பக்கம் என் தங்கை வாங்கியிருந்த 5 சென்ட் மனையில் கடைக்கால் எடுக்க ஜேசிபி வந்தது. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தோம், சுத்தமாக இருந்தது. பட்டா அவள் பேருக்கு மாறியிருந்தது. கட்டட அனுமதியும் கையில் இருந்தது. மூன்றாவது பில்லர் குழியில் ஜேசிபியின் பல் எதிலோ மாட்டியது. கொஞ்ச நேரத்தில் குழி முழுக்கத் தண்ணீர். வடக்கே மல்லாட்டைக் கொல்லையிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்ணிட்டீங்க? எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த வழியாத்தான் தண்ணி போவுது. விக்கும்போது அவன் உங்களாண்ட சொல்லலையா?"

விற்றவர் சொல்லவில்லை. தெற்கே மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான கிணறு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பெரியவரின் ஒன்றரை ஏக்கருக்குப் போகும் குழாய் எங்கள் மனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. "அறுத்து மூடி போட்டு அடைச்சிடலாம் சார், உங்க எடம்தானே, யார் கேக்கறது" என்றார் மேஸ்திரி. அன்று அவர் பேச்சைக் கேட்காமல் இருந்தோம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை, முதல்முறை மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள்: வேலையை நிறுத்துங்கள், எதையும் அறுக்காதீர்கள்

மண்ணுக்குள் குழாயோ கேபிளோ தெரிந்த உடனே ஜேசிபியை அணைக்கச் சொல்லுங்கள். அது என்னவென்று தெரிகிறவரை கடப்பாரைகூட வேண்டாம்.

மின்கேபிள் மாதிரித் தெரிந்தால் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள். எண்ணெய், எரிவாயுக் குழாய் என்று சந்தேகம் வந்தால் ஆட்களை எல்லாம் காற்று வரும் திசைப் பக்கமாகத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பாதையில் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகையில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். அங்கே நின்று செல்போனில் படம் எடுப்பதெல்லாம் வேண்டாம்.

பாசனக் குழாயோ குடிநீர்க் குழாயோ என்றால், உடைந்ததை அன்றைக்கே உங்கள் செலவில் ஒட்டிக் கொடுங்கள். தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். அவருடைய முறை தவறினால் அடுத்த முறை வர நாலைந்து நாள் ஆகும், அதற்குள் பயிர் வாடிவிடும். விவசாயத்துக்குப் போகும் தண்ணீரை வேண்டுமென்றே குறைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 326-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. உங்கள் இடத்துக்குள் இருக்கும் குழாய் என்பதற்காக அந்தப் பிரிவு உங்களை விட்டுவிடாது.

ஒட்டி முடித்ததும் டேப்பை எடுங்கள். எல்லைக்கல்லிலிருந்து எத்தனை அடியில் குழாய் உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, எவ்வளவு ஆழம், எத்தனை அங்குலம், பிவிசியா வார்ப்பிரும்பா என்று ஒரு தாளில் படமாக வரைந்து தேதி போட்டு வையுங்கள். டேப் தெரிகிற மாதிரி புகைப்படமும் எடுங்கள். பிற்பாடு வக்கீல், சர்வேயர், இஞ்சினியர் மூவரும் முதலில் கேட்பது இதைத்தான்.

அது யாருடையது, எந்த உரிமையில் போகிறது

அடுத்து செய்ய வேண்டியதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வருபவற்றைச் சொல்கிறேன்.

பக்கத்து நிலக்காரரின் குழாய் அல்லது வாய்க்கால்தான் அதிகம் வரும். கொல்லையைக் கூறுபோட்டு மனையாக விற்கிற எல்லா இடத்திலும் இது இருக்கலாம். இதைப் பத்திர எழுத்தர்கள் 'பாத்தியம்' என்பார்கள், 'ஈஸ்மென்ட்' என்றும் எழுதுவார்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம்தான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அதன் வழியே தண்ணீர் கொண்டுபோகும் உரிமை மட்டும் அவருடையது. நிலம் எத்தனை கை மாறினாலும் அந்த உரிமை நிலத்தோடு சேர்ந்தே வரும்.

அந்த உரிமை உண்மையில் அவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் கேள்வியே இல்லை. எழுத்து இல்லாவிட்டாலும், 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் உரிமை என்றே அனுபவித்து வந்திருந்தால் 15-ஆம் பிரிவின்படி அவர் உரிமை கோரலாம். 'போட்டுக்கப்பா' என்று பழைய உரிமையாளர் வாய்வார்த்தையாக விட்டது என்றால் அது வெறும் அனுமதி. நிலத்தை விற்றபின் அந்த அனுமதி வாங்கினவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது 59-ஆம் பிரிவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள்.

அரசு வாய்க்கால் என்றால் கதை வேறு. ஏரி வரத்துக்கால்வாய், பாலாற்று ஊற்றுக்கால்வாய், மோர்தானா அணையின் கால்வாய்கள் என்று இந்த மாவட்டத்தில் தண்ணீர் வழிகள் நிறைய உண்டு. பல இடங்களில் பத்து வருஷமாகத் தண்ணீர் வராமல் தூர்ந்து, பார்த்தால் வெறும் வரப்பு மாதிரிக் கிடக்கும். புலப்படத்தில் (புல எண்ணுக்கான நிலஅளவை வரைபடம்) வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது உங்கள் நிலமே கிடையாது. அதன்மேல் ஒரு கல்கூட வைக்காதீர்கள். இதில் பேரம் பேச யாரும் இல்லை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் பெரிய குழாய்களும் இங்கே உண்டு. மேட்டூரிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் பெரும்பாலும் சாலை ஓரமாகப் போகும். சாலையை ஒட்டி மனை வாங்கினால் கவனம் வேண்டும். ஆங்காங்கே ஏர்வால்வு வைத்த சிமென்ட் பெட்டிகள் தெரியும். ஒரு பெட்டியில் நின்று அடுத்த பெட்டியைப் பாருங்கள், நடுவில் குழாய் எப்படிப் போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் புல எண்ணைச் சொல்லிக் குழாய்ப் பாதை வரைபடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு 1962-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'பயன்பாட்டு உரிமை' மட்டும் அரசிதழ் அறிவிப்பு மூலம் எடுப்பார்கள், அதற்கு நிலமதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு தருவார்கள். அந்தப் பணத்தை வாங்கியவர் பழைய உரிமையாளர். உங்களுக்கு வருவது கட்டுப்பாடு மட்டும்: அந்தப் பட்டைக்குள் கட்டடம், கிணறு, தொட்டி, மரம் எதுவும் கூடாது. அரசிதழில் வருவது பத்திரப் பதிவு இல்லை என்பதால் வில்லங்கச் சான்றில் இதைக் காண முடியாது.

மின்பாதை கண்ணுக்குத் தெரிவதாலேயே பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து கட்டடம் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்வாக்கில் 3.7 மீட்டர் விலகி இருக்க வேண்டும். 33 கிலோவோல்ட் என்றால் பக்கவாட்டில் 2 மீட்டர். சுவரிலிருந்து அளந்தால் தப்பு. பால்கனி, சன்ஷேடு என்று எது கடைசியாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். டவர் லைனுக்குக் கீழே ஒரு பட்டையே ஒதுக்கப்பட்டிருக்கும்: 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர், 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர் அகலம். 35 மீட்டர் என்றால் 115 அடி. ஒரு சின்ன மனை முழுசாக அதற்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டுக்குப் போகும் சாதாரண லைனையும் கம்பத்தையும் மாற்ற வழி உண்டு. உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்தால் நேரில் பார்த்து எஸ்டிமேட் போடுவார்கள். செலவு உங்களுடையது. புதுக் கம்பம் வேறொருவர் இடத்தில் நிற்கிற மாதிரி வந்தால் அவருடைய சம்மதமும் வேண்டியிருக்கும்.

தாய்ப்பத்திரம் வரை போங்கள்

எங்கள் விஷயத்தில் விடை 1983-இல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்தது. பெரியவரின் அப்பாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் பிரித்துக்கொண்ட பத்திரம் அது. கிணறு ஒருவர் பங்குக்குள் விழுந்ததால், மற்ற இருவருக்கும் இன்ன வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம் உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நாங்கள் போட்ட 30 வருஷ வில்லங்கம் 1995 வரைதான் பின்னால் போனது. 12 வருஷ வித்தியாசத்தில் அதைத் தவறவிட்டோம். அதற்கப்புறம் நடந்த இரண்டு விற்பனைப் பத்திரங்களிலும் அந்த வரியை விட்டுவிட்டு, 'மாமூல் பாத்தியங்கள் உள்பட' என்ற மூன்று வார்த்தையோடு முடித்திருந்தார்கள். அந்த மூன்று வார்த்தையைப் பார்த்தால் நின்று கேளுங்கள்: என்ன மாமூல், யாருக்கு மாமூல்?

தேடும்போது இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் வரும். 1989-க்கு முந்தைய பத்திரங்களில் மாவட்டம் 'வட ஆர்க்காடு' என்று இருக்கும். அந்த வருஷம்தான் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். தாலுகாவும் சார்பதிவாளர் அலுவலகமும்கூட மாறியிருக்கலாம். புல எண்ணும் உட்பிரிவு ஆகிக்கொண்டே வந்திருக்கும். இன்றைக்கு 112/3பி1 என்றிருப்பது அன்றைக்கு வெறும் 112/3. இன்றைய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய பத்திரம் வராது. பட்டாவிலும் அ-பதிவேட்டிலும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) உள்ள பழைய எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்கும் வில்லங்கம் போடுங்கள். கிணறு இருக்கிற புல எண்ணுக்கும் போடுங்கள், உங்கள் நிலத்தின்மேல் உள்ள பாத்தியம் சில நேரம் அவர்களுடைய பத்திரத்தில் மட்டும் எழுதியிருக்கும்.

பதிவு செய்யாத கூர்சீட்டு (யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதிய தாள்) வைத்துப் பிரித்துக்கொண்ட குடும்பங்களும் நிறைய. அங்கே பதிவு அலுவலகத்தில் எதுவும் கிடைக்காது. பம்ப்செட்டின் மின் இணைப்பு எந்த வருஷம், யார் பேரில் என்பதும், அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு) அந்த நிலம் கிணற்றுப் பாசனம் என்று எப்போதிருந்து எழுதப்பட்டிருக்கிறது என்பதும்தான் 20 வருஷக் கேள்விக்குச் சாட்சி.

எங்கள் பத்திரத்தில் வாய்க்கால் என்றுதான் இருந்தது, குழாய் என்று இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாமா என்று வக்கீலைக் கேட்டோம். வேண்டாம் என்றார். உங்கள் நிலத்துக்குப் பாரம் கூடாதவரை அனுபவிக்கும் முறையை அவர் மாற்றிக்கொள்ளலாம் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. திறந்த வாய்க்காலை மூடிக் குழாய் போட்டதில் பாரம் குறைந்துதான் இருக்கிறது.

வழியை மாற்றுவது

பெரியவர் எங்களுக்கு எதிரி இல்லை என்பது பத்திரத்தைப் படித்தபின் என் தங்கைக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது முறை நாளில் தண்ணீர். எங்களுக்கு வேண்டியது நடுவில் குழாய் இல்லாத இடம். வீட்டைச் சுற்றி எப்படியும் சந்து விடத்தான் போகிறோம். மேற்குச் சந்து வழியாகக் குழாயைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொன்னோம். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, "தண்ணி வேகம் கொறையக்கூடாது, அவ்ளோதான் தம்பி" என்றார்.

வேகம் குறையாமல் இருக்க இரண்டு விஷயம் பார்த்தோம். பழைய குழாயைவிட ஒரு அளவு பெரிய குழாய் போட்டோம். மூலைகளில் நேர் எல்போ போடாமல் இரண்டு சாய்வு வளைவுகளாகக் கொடுத்தோம். கேட்டுக்குக் கீழே கார் ஏறி இறங்கும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றைப் புதைத்து, அதற்குள் இதை விட்டோம். நாளைக்கு உடைந்தால் தரையைப் பெயர்க்காமல் உருவி எடுக்கலாம். மண் மூடுவதற்கு முன் மோட்டார் போட்டு, கொல்லைக் கோடியில் தண்ணீர் வருகிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னோம். குழாயின்மேல் பில்லரோ, செப்டிக் டேங்கோ, சம்ப்போ எதுவும் வரக் கூடாது. பழுது பார்க்க உள்ளே வரும் உரிமையும் அவருக்கு உண்டு என்பதால் அந்தச் சந்தில் சாமான் அடுக்கவும் கூடாது.

பேச்சு முடிந்ததும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். இதில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். பழைய வழியை விட்டுக்கொடுத்து, புது வழியை ஏற்றுக்கொண்டதாக ஒரு ஒப்பந்தம் எழுதி, அளவு போட்ட வரைபடம் இணைத்துப் பதிவு செய்யுங்கள். கிணற்றில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், தண்ணீர் பாய்ச்சுகிறவர் மட்டும் போட்டால் போதாது. கிணற்றுப் பங்குதாரர் ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்தபோதுதான் அவரைப் பிடித்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போக முடிந்தது. காத்திருந்தது நல்லது. இனி யார் வில்லங்கம் போட்டாலும் அந்த ஒப்பந்தம் அதில் தெரியும்.

விற்றவரிடம் கேட்பது

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55: விற்கிறவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்கிறவர் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அது மோசடி. மண்ணுக்குள் கிடக்கும் குழாய் இதில் வரும். தலைக்குமேல் போகும் மின்கம்பியைக் கவனிக்கவில்லை என்று நீங்கள் புகார் சொன்னால் எடுபடாது.

உங்கள் கிரயப் பத்திரத்திலேயே 'எவ்வித வில்லங்க விவகாரமும் இல்லை, பின்னால் ஏதும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்' என்ற உறுதி இருக்கும். செலவுக் கணக்கோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். எங்களுக்கு அதிலேயே பாதிச் செலவு திரும்பி வந்தது. மோசடி என்று வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள். லேஅவுட் போட்டு விற்றிருந்தால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். வில்லங்கங்களைத் தெரிவிப்பது விற்பவரின் கடமை, ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கோர்ட்டுக்குப் போகுமுன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மனை வீட்டுப் பெண்கள் பேரில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அனுமதி கொடுக்குமுன் யாரும் இடத்தை வந்து பார்ப்பதில்லை. அதனால் பார்க்கும் வேலை முழுக்க உங்களுடையது.

முன்பணம் கொடுக்குமுன் மனையை மூன்று நேரங்களில் நடந்து பாருங்கள். காலையில் மோட்டார் ஓடும் நேரம் ஒன்று. மழை பெய்த மறுநாள் ஒன்று, அன்றைக்குத் தண்ணீர் தன் பழைய வழியைத் தானே காட்டும். மூன்றாவது, விற்பவரும் தரகரும் கூட இல்லாமல் நீங்கள் மட்டும். கிணறு எங்கே, அதன் தண்ணீர் எந்தெந்த நிலத்துக்குப் போகிறது, நடுவில் உங்கள் மனை இருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் நடங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் படங்களையும் திருப்பிப் பார்க்கலாம். மூடிய வாய்க்காலும் தோண்டிய பள்ளமும் கோடாகத் தெரியும்.

அப்புறம் நான்கு எல்லைக்காரரிடமும் பேசுங்கள். "ஐயா, இந்த மனை வழியா உங்களுக்குத் தண்ணி, கரன்ட்டு, நடைவழி ஏதாவது போவுதுங்களா?" என்று நேராகக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். நாங்கள் அந்தப் பெரியவரிடம் இதை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

கிரய ஒப்பந்தத்தில், பூமிக்கு மேலோ கீழோ யாருடைய குழாய், கம்பி, வாய்க்கால், வழிப் பாத்தியமும் இல்லை என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். ஒப்பந்தம் போட்டதும், பத்திரம் முடிக்குமுன், விற்பவரின் சம்மதத்தோடு கடைக்கால் வரப்போகும் இடங்களில் நாலு அடி ஆழத்துக்கு ஆளை வைத்துக் கைப்பள்ளம் எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் கூலிதான் ஆகும்.